புளியந்தீவின் பேர்போனவர்கள்

மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு பாடசாலை நூற்றாண்டு கண்டாலும், ஒரு கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தாலும், ஒரு வாசிகசாலை வெள்ளிவிழா எடுத்தாலும் தவறாமல் ஒரு மலர் வெளிவரும். ஆசிச்செய்திகள் முடிந்து, விளம்பரங்கள் தொடங்குவதற்கு முன்னால், ஊரின் பெரியவர்களைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கும். இவற்றைக் கேலி செய்வது சுலபம். ஆனால் கிழக்கிலங்கையின் சமூக வரலாற்றைத் தேடுகிறவருக்கு இந்த மலர்களை விட்டால் வேறு கதி அதிகமில்லை. அவற்றின்மீது எனக்குள்ள முறைப்பாடு ஒன்றுதான். ஊரில் பிறந்தவரா என்பதை முதற்கேள்வியாக வைத்துக்கொண்டு பட்டியல் போடுகிறார்கள். வாவிக்கரையின் வேறு கிராமங்களுக்கு அந்தக் கேள்வி ஓரளவு பொருந்தலாம். மட்டக்களப்பு நகரத்துக்கு, குறிப்பாக அதன் நடுவான புளியந்தீவுக்கு, அது பொருந்துவதே இல்லை.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை ஒட்டியே கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்நிலம் எழுவான்கரை; வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. புளியந்தீவு இரண்டிலும் சேராமல் நீருக்கு நடுவில் நிற்கிறது. 1628இல் போர்த்துக்கேயர் இந்தத் தீவில் ஒரு கோட்டையைக் கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638இல், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1795இல் பிரித்தானியர். பின்னர் கச்சேரி கோட்டைக்குள் குடிபுகுந்தது. கச்சேரியைச் சுற்றி நீதிமன்றம், தேவாலயங்கள், பாடசாலைகள், கடைத்தெரு. வாவியின் இரு கரையிலும் நெல்லும் மீனும் விளைய, தீவில் விளைந்தது அலுவலகம். அலுவலகம் இருக்கும் ஊருக்கு ஆட்கள் வருவார்கள். படித்து முடித்ததும் அங்கே பிறந்தவர்கள் போவார்கள்.

போனவர்களில் தமிழுலகம் நன்கறிந்தவர் பாலு மகேந்திரா. நகரத்தை ஒட்டிய அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர். பாடசாலைச் சுற்றுலா ஒன்றில் டேவிட் லீன் தன் குவாய் நதிப் பாலம் படத்தை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததுதான் தன்னைச் சினிமாவுக்குத் திருப்பியது என்று பின்னாளில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, 1969இல் வெளியே வந்து, மலையாளத்திலும் கன்னடத்திலும் தொடங்கி, 1979இல் 'அழியாத கோலங்கள்' மூலம் இயக்குநராகத் தமிழுக்கு வந்தார். பதின்ம வயதுப் பையன்கள், ஆறு, ஓர் ஆசிரியை என்று அந்தப் படம் அவருடைய சொந்தப் பிள்ளைப்பருவத்திலிருந்து எழுந்தது. ஆனால் திரையில் தெரிவது தமிழ்நாட்டு நிலம். 2014இல் சென்னையில் காலமானார். மலர்களில் அவர் 'மண்ணின் மைந்தர்' பட்டியலின் தலைவரிசையில் நிற்கிறார். ஊருக்கும் அவருக்கும் நடுவில் மிஞ்சியிருப்பது ஒரு பிறப்புப் பதிவு மட்டும்தானோ என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும். கேட்டுத்தான் ஆகவேண்டும். கவிஞர் காசி ஆனந்தன் கதையும் ஏறத்தாழ இதுவே: பிறப்பு மட்டக்களப்பில், வாழ்வின் பெரும்பகுதி சென்னையில்.

இதற்கு மாறான ஒருவரும் அதே அமிர்தகழி, சீலாமுனைப் பக்கத்தில் 1943இல் பிறந்தார். பேராசிரியர் சி. மௌனகுரு. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு எடுத்தபோது அதில் ஆடிய மாணவர் அவர். யாழ்ப்பாணத்தில் கற்பித்துவிட்டுக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பற்றிய அவருடைய ஆய்வு, அண்ணாவிமாரின் தலையிலும் கொப்பிகளிலும் இருந்த அறிவை வகைப்படுத்தி எழுத்தில் வைத்தது. ஊரில் பிறந்ததால் அவருக்கு இந்தப் பட்டியலில் இடம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. திரும்பி வந்ததால்தான் இடம்.

ஊரவர் யார் என்பதற்கு மட்டக்களப்பு மரபிலேயே ஒரு விடை உண்டு. பிறப்பிடத்தை வைத்து எழுதுகிற மலர்க் கட்டுரையாளர்கள் அதைத் தினமும் தம் வீட்டிலேயே பார்க்கிறார்கள், ஆனால் பட்டியல் எழுத உட்காரும்போது மறந்துவிடுகிறார்கள். இங்கே குடி தாய்வழியில் வருகிறது. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு, மனைவியின் ஊருக்கு வந்து சேர்கிறான். தமிழர் கோயில்களில் திருவிழா உபயமும் முஸ்லிம் பள்ளிவாசல்களில் மரைக்காயர் பொறுப்பும் குடிமுறையாகப் பங்கிடப்பட்டு வந்ததை டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் ஆண்டுக்கணக்காக இருந்து எழுதியிருக்கிறார். ஆக, வாவிக்கரையில் எந்தத் தெருவை எடுத்தாலும் அங்கே குடும்பத்தலைவர்களாக இருக்கும் ஆண்களில் பலர் 'வந்தவர்கள்'. அதனால் அவர்களை யாரும் அந்நியர் என்று சொல்வதில்லை.

யாழ்ப்பாணத்தார் இதையே ஒரு கிண்டலாக மாற்றி வைத்திருந்தார்கள். மட்டக்களப்புக்கு உத்தியோகம் பார்க்கப் போனவனை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பார்கள். கிண்டலை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு சமூக உண்மை இருக்கிறது: வருகிறவனுக்கு இடம்கொடுக்க இங்கே ஓர் ஏற்பாடு தயாராக இருந்தது. எஸ்.பொ. என்ற எஸ். பொன்னுத்துரை அப்படி ஒட்டிக்கொண்டவர். நல்லூரில் 1932இல் பிறந்து, மட்டக்களப்பில் ஆசிரியராகி, அங்கேயே கல்யாணம் முடித்தார். 1961இல் வந்த 'தீ' நாவல் கிளப்பிய கூச்சலும், முற்போக்கு முகாமிலிருந்து பிரிந்து 'நற்போக்கு' என்று அவர் கட்டிய கொடியும் மட்டக்களப்பு வாழ்க்கைக் காலத்தவை. பிறகு நைஜீரியா, அவுஸ்திரேலியா என்று போய் 2014இல் சிட்னியில் இறந்தார். யாழ்ப்பாண மலர்கள் அவரை யாழ்ப்பாணத்தவர் என்கின்றன. அவற்றுக்கும் அளவுகோல் அதே பிறப்பிடம்தான்.

கடல்வழியே வந்தவர்கள் இன்னொரு வரிசை. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த போதகரை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவருடைய வாழ்வே வேகமாக முடிந்தது. தோமஸ் கோக் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட குழுவில் அவர் ஒருவர். வழியில் கடலிலேயே ஓல்டின் மனைவி இறந்தார். சில மாதம் கழித்துத் தலைவர் கோக்கும் இறந்தார். 1814 யூன் 29இல் ஐந்து போதகர்கள் காலியில் இறங்கி இடங்களைப் பங்கிட்டுக்கொண்டபோது, ஓல்டுக்கு வந்தது மட்டக்களப்பு. 1815 ஏப்ரல் 1இல் அவர் மரணம். ஓர் ஆண்டுகூட இல்லை. ஆனால் மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை 1814இலிருந்து எண்ணுகிறது. வின்சன்ட் மகளிர் பாடசாலையின் வேர் 1820இல். நகரத்தில் ஓல்டுக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இங்கிருந்து எதையும் செய்யாமல் போன ஆளுநர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பெயர்களை இப்போது யார் சொல்கிறார்கள்?

ஓல்ட் வருவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்து, சிலையேதும் இல்லாமல் இன்றுவரை இருக்கிறவர்கள் பறங்கியர். கோட்டையைக் கட்டிய போர்த்துக்கேயரும் பின்வந்த ஒல்லாந்தரும் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம். கொழும்புப் பறங்கியர் ஆங்கிலத்துக்கு மாறி, வழக்கறிஞர்களும் மருத்துவர்களுமாகி, சுதந்திரத்துக்குப் பின் பெரும்பாலும் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் தச்சர்களாக, கொல்லர்களாக, தையற்காரர்களாக ஊரோடு இருந்தார்கள். மக்கில்வ்ரே 1982இல் அவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தப் பிளவைத்தான் விரிவாக ஆராய்ந்தார்: ஒல்லாந்தப் பறங்கியர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் உத்தியோக வர்க்கம், 'போர்த்துக்கேய மெக்கானிக்' என்று ஒதுக்கப்பட்டவர்கள் கைவினை வர்க்கம். எங்கள் ஊரின் பழைய வீடுகளில் கதவும் அலுமாரியும் யார் கையால் வந்தவை என்று கேட்டுப் பார்த்தால் விடை பெரும்பாலும் ஒரு பறங்கித் தச்சனுடைய பெயராக இருக்கும். மலர்களில் அந்தப் பெயர்கள் இல்லை.

இவர்கள் வீட்டில் பேசிய போர்த்துக்கேயக் கிரியோல் மொழியியலாளர்களுக்கு ஒரு புதையல். இயன் சிமித் 1970களில் மட்டக்களப்பில் இருந்து அதை ஆராய்ந்தார். சொற்கள் அநேகமாக எல்லாம் போர்த்துக்கேயம். இலக்கணமோ தமிழ். போர்த்துக்கேயத்தில் வாக்கியத்தின் நடுவில் வரும் வினைச்சொல் இங்கே கடைசிக்கு நகர்ந்துவிட்டது. பெயருக்கு முன்னால் வரவேண்டிய சொல்லுருபுகள் பெயருக்குப் பின்னால், வேற்றுமை உருபுகள்போல் ஒட்டிக்கொண்டன. ஐரோப்பிய மொழி ஒன்று தமிழ் வீட்டில் குடிபுகுந்து, வீட்டுக்காரியின் ஒழுங்குக்கு அடங்கி நடந்த கதை. மொழியியலார் இதை மொழித்தொடர்பு என்பார்கள். வாவிக்கரைக்காரருக்கு இது தெரிந்த விடயம்தான், மாப்பிள்ளை வீட்டோடு வந்து இருப்பது. 2010களின் பிற்பாதியில் லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹூகோ கார்டோசோவும் குழுவினரும் பேச்சு, பாட்டு, கல்யாண வீட்டுக் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் எல்லாவற்றையும் ஒலியாகவும் ஒளியாகவும் பதிவு செய்தார்கள். 2004இன் கடல்கோள் பறங்கியர் அதிகம் வாழ்ந்த டச்பாரை வாரிக்கொண்டு போனபின் நடந்த வேலை அது. இளையவர்கள் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விட்டார்கள். நூற்றாண்டுகளாக ஒரு சிறு சமூகம் எந்தப் பாடசாலையின் உதவியுமின்றி ஒரு மொழியை வைத்திருந்தது. இதைவிடப் பெரிய சாதனையாளர் யார் இந்த ஊரில் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் தனியொருவர் பெயர் இல்லாத சாதனைக்கு மலரில் பக்கம் ஒதுக்குவதில்லை.

இனி சுவாமி விபுலாநந்தர். ஊரின் முதற்பெரியவர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவரும் புளியந்தீவில் பிறந்தவரல்லர். தெற்கே காரைதீவில் 1892இல் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்து மயில்வாகனம் எனப் பெயர் பெற்றார். கல்முனையில் தொடங்கிய படிப்பைப் புளியந்தீவின் புனித மிக்கேல் கல்லூரியில் தொடர்ந்தார். அங்கே பிரெஞ்சு இயேசு சபைத் துறவி பொனல் அடிகளார் ஆட்சி. கேம்பிரிட்ஜ் சீனியர் தேறி, சிறிது காலம் அங்கேயே ஆசிரியர். பிறகு கொழும்பில் பயிற்சி, விஞ்ஞானத்தில் டிப்ளோமா, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டம், யாழ்ப்பாணத்தில் ஆசிரியம், லண்டன் பி.எஸ்ஸி., மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவி, மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மடம், 1924இல் துறவு, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், இமயமலை மாயாவதியில் 'பிரபுத்த பாரத' ஆசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். இந்த ஓட்டத்தில் மட்டக்களப்பில் அவர் தொடர்ந்து தங்கிய காலம் என்று எடுத்தால் மிகக் குறைவு. ஆனாலும் வாவியின் மறுகரையில், கல்லடி உப்போடையில், 1929இல் அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயம் நிற்கிறது.

பழைய யாழ்களை ஆராய்ந்த அவருடைய 'யாழ் நூல்' ஏன் மட்டக்களப்பு மனிதர் ஒருவரிடமிருந்து வந்தது என்ற கேள்வியை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் போதிய அளவு கேட்கவில்லை. அந்த நூலுக்கு அடித்தளம் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. யாழ்ப்பாணத்தில் கண்ணகி வழிபாட்டை ஆறுமுக நாவலர் சமணச் செட்டிப் பெண்ணை வணங்குவதென்று எதிர்த்தார். அவருக்குப் பிறகு அங்கே பல கண்ணகி கோயில்கள் வேறு அம்மன்களின் பெயருக்கு மாறின. மட்டக்களப்பில் அந்த எதிர்ப்பு எடுபடவில்லை. வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை படித்து, திருக்குளிர்த்தி பாடி முடிப்பது இன்றும் நடக்கிறது. காரைதீவின் நடுவே கண்ணகி அம்மன் கோயில். அச்சுப் புத்தகமாகச் சிலப்பதிகாரம் கைக்கு வருவதற்கு முன்பே அந்தக் கதை அந்தப் பையனின் காதில் விழுந்திருக்கும். அதோடு விஞ்ஞானமும் கணிதமும் படித்தவர். நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்குமான விகிதங்களைக் கணக்கிட்டு, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் அமைப்பை அவர் ஊகித்தார். புலவர்களிடம் கணிதமும் விஞ்ஞானிகளிடம் அரங்கேற்று காதையும் இல்லாத காலத்தில் இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்தன.

கண்ணகி கதைக்கும் கணிதத்துக்கும் அடுத்து, மூன்றாவதாக வாவியின் ஒலி. நிலவு நாள்களில் கல்லடிப் பாலத்தின் பக்கம் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தால் கேட்கும் இசை. எமர்சன் டெனன்ட் 1848இல் வந்து கேட்டுவிட்டு, மீனவர்கள் காட்டிய ஊரிகளின் சத்தம் என்று எழுதினார். பின்வந்தவர்கள் பாடும் மீன் என்றார்கள். 1960களில் இயேசு சபையின் லாங் அடிகளார் ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கிப் பதிவு செய்ய, இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. விபுலாநந்தரோ அதை நீரரமகளிரின் பாடலாகக் கற்பனைசெய்து செய்யுளாக்கித் தன் இசையாராய்ச்சியோடு பொருத்தினார். பாடுவது எந்த உயிர் என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் சண்டை பிடிக்கலாம். வாவியை ஏழு சுரமாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

1947 யூன் மாதத் தொடக்கத்தில் தஞ்சை மண்ணின் திருக்கொள்ளம்புதூரில் 'யாழ் நூல்' அரங்கேறியது. யூலை 19இல் கொழும்பில் சுவாமிகள் காலமானார். உடலைக் கல்லடிக்குக் கொண்டுவந்து சிவானந்த வித்தியாலய வளவில் சமாதி வைத்தார்கள். காரைதீவுக்குக் கொண்டுபோகவில்லை. பிள்ளைப்பருவத்துக்குப் பின் எந்த இடத்திலும் ஒரு பத்தாண்டு முழுதாகத் தரிக்காத ஒருவர் தரித்த இடம் அதுவே.

சமாதியே கிடைக்காமல் போனவர் யூஜின் ஹேபேர். அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி. பிரெஞ்சுத் துறவிகளின் இடத்துக்கு நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தவர் வந்துகொண்டிருந்த 1940களின் கடைசியில் வந்தவர். கிழக்கு மாகாணத்துக்குக் கூடைப்பந்தாட்டம் கற்றுத்தந்தவர்களில் முதன்மையானவர். புனித மிக்கேல் கல்லூரிப் பையன்கள் கொழும்புப் பாடசாலைகளை அந்த ஆட்டத்தில் வென்று வந்த காலம் அவருடையது. தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தையும் நடத்தினார். நகரத்து வெபர் மைதானம் அவரைப்போல் வந்த இன்னொரு அமெரிக்கத் துறவியின் பெயர் தாங்கியது.

1990 ஓகஸ்ட் வாவிக்கரை கண்ட மிகக் கொடிய மாதம். 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். பழிக்குத் தமிழர் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாக இருந்த 158 பேரை இராணுவம் ஏற்றிக்கொண்டு போனது, அவர்கள் திரும்பவில்லை. இவற்றுக்கு நடுவே ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்ட ஹேபேர் அடிகளாரும் கூட வந்த இளைஞரும் வந்து சேரவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. அவருடைய சகதுறவி ஹரி மில்லர், காணாமற் போனோரின் பெயர்களைக் குறித்துவைத்து, மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் நின்று இராணுவ முகாம்களின் வாசல் வாசலாக ஏறியவர். 2009இல் முதுமைக்காக நியூ ஓர்லியன்ஸுக்குப் போனார். அங்கே இருப்புக்கொள்ளாமல் மட்டக்களப்புக்கே திரும்பிவிட்டார். ஊர் எது என்ற கேள்விக்கு அவர் கால்களால் பதில் சொன்னார்.

இங்கே பிறந்து, வெளியே போய், இறந்தபின் திரும்பியவர் ஒருவர் உண்டு. தராக்கி என்று எழுதிய டி. சிவராம். 1959இல் மட்டக்களப்பில் பிறந்து புனித மிக்கேலில் படித்தவர்; ஓர் ஆயுத இயக்கத்தில் இருந்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்து, இலங்கைப் போரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்களில் எல்லாத் தரப்பும் படித்தாகவேண்டிய ஒருவரானார். மண்டூர்க் கோயிலை ஆராய 1980களின் தொடக்கத்தில் வந்த மார்க் விற்றேக்கர் என்ற அமெரிக்கர் அவரை மட்டக்களப்பில் சந்தித்து, இருபதாண்டு நண்பராகி, பிறகு அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 2005 ஏப்ரலில் கொழும்பில் சிவராமைக் கடத்திக் கொன்றார்கள். அடக்கம் மட்டக்களப்பில் நடந்தது.

இந்தப் பட்டியலில் பெண்கள் ஏறக்குறைய இல்லை. தாய்வழி ஊரில் இது ஒரு வெட்கக்கேடு, இந்தக் கட்டுரைக்கும் சேர்த்துத்தான். வீடும் குடியும் பெண்ணிடம் இருந்தும், பெயர் வெளியே போய்ப் பதவி பார்த்த ஆணிடம் தங்கியது. வந்தவர்களை ஊரவர்களாக்கியது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களே.

மட்டக்களப்பின் ஆட்களையும் வழக்குகளையும் ஒன்றாகத் தொகுத்த பெரிய முயற்சி, படுவான்கரை மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்'. 1964இல் வந்தது. இரண்டு ஆண்டு முன்னால் எஃப்.எக்ஸ்.சி. நடராசா 'மட்டக்களப்பு மான்மிய'த்தைப் பதிப்பித்திருந்தார். அதே மண்டூர்தான் விபுலாநந்தரின் நண்பர் புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளையையும் தந்தது. அறுபது ஆண்டு கழிந்துவிட்டது. கந்தையாவின் அளவுக்கு இன்னொரு தொகுப்பு தேவை. அதைச் செய்பவர் பிறப்புப் பதிவேட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, புனித மரியாள் ஆலயத்தின் விவாகப் பதிவேடு, மெதடிஸ்த சபையின் பதிவேடு, பள்ளிவாசல்களின் கடுத்தப் புத்தகம், கச்சேரியின் விவாகப் பதிவு ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். மாப்பிள்ளை எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த வீட்டுக்கு வந்தார், என்ன தொழில் என்பதெல்லாம் அங்கே இருக்கும். பறங்கித் தச்சர்களின் பெயர்களும் அங்கேதான் கிடைக்கும், அவர்களை மணந்த பெண்களின் பெயர்களோடு.